மூன்று கதவு வீடு

சுத்தியல் என் தோளில் விழுந்தபோது வலி உடனே வரவில்லை. காறை எலும்பு முறிந்த சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். காய்ந்த பாளையை முழங்காலில் வைத்து முறிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். அடித்தவர் மேசன். பரந்தனுக்கு அப்பால் ஒரு கோயில் வீதியில் பாதி வீடுகளைக் கட்டியவர். என்னோடு எத்தனையோ அத்திவாரக் குழிகளுக்குள் நின்று தேநீர் குடித்தவர். அந்த அடியை நான்தான் கேட்டு வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

நான் அப்போது அந்த ஊர்ச் சபையில் தொழில்நுட்ப அலுவலர். யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பி வந்து சில வருடங்களில், கோயில் வீதியைப் பாரம்பரிய வலயமாக்க வேண்டும் என்று சபைத் தலைவரான தவிசாளருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் ஆசை பிறந்தது. விதிகளை எழுதியவன் நான். ஓட்டுக்கூரை, முன்னால் இரண்டு தூண், வீதியைப் பார்த்தபடி நடுவில் ஒரேயொரு கதவு. மாதிரிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் குடும்ப வீட்டுப் படத்தைக் கொடுத்தேன். இந்த வீதியில் அப்படியொரு வீடு எந்தக் காலத்திலும் நின்றதில்லை. பாதுகாக்க இங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்றும் ஒருவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஷெல் தின்றிருந்தது. சுவரோடு தப்பி நின்ற ஒரே பழைய வீடு மேசனுடையது. அதுதான் விதிக்குப் பொருந்தாத வீடு.

தகரக் கூரையின் கீழ் வரிசையாக மூன்று அறைகள். மூன்றுக்கும் முன்னால் தனித்தனிக் கதவு, உள்ளே அறைக்கு அறை வழி. “இது தேயிலைத் தோட்டத்துக் கூலிச்சனம் இருக்கிற லயமெல்லோ. எங்கட பாரம்பரியம் எப்பிடியாகும்?” என்று கோயில் நிர்வாகத் தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கதவுகளை அடைக்கும்படி கடிதம் போனது. அதே வீதியில் வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் கண்ணாடி முகப்போடு கல்யாண மண்டபம் எழுப்பினார். கோயில் காரியம் என்று அதற்கு விலக்குக் கொடுத்தோம். அந்த மண்டபத்தின் சுவர்களைக் கட்டியவரே மேசன்தான்.

அவர் சபைக் கந்தோருக்கு என்னைப் பார்க்க வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்காமல் நின்றபடியே சொன்னார். மலையகத்தில் கலவரம் வந்தபோது அவருக்குப் பத்து வயது. லயத்து அறைக்கு ஒரே கதவு. வந்தவர்கள் அதை வெளியில் தாழிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தகப்பன் கூரைத் தகரத்தை உதைத்துப் பெயர்த்து இவரை மேலே தள்ளிவிட்டார். தகப்பனும் அக்காவும் வரவில்லை. உள்ளிருந்து அவர்கள் கதவை இடித்த சத்தம் தேயிலைக்குள் ஒளிந்திருந்த இவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அதற்குப் பிறகுதான் மலையகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தார்.

“மூணு கதவு இருந்தா மூணையும் ஒரே நேரத்துல பிடிக்க ஏலாது சேர். ஓடு போடுறேன், தூண் வைக்கிறேன். கதவ மட்டும் விட்டுருங்க.”

“விதி எல்லாருக்கும் ஒண்டுதான்” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் கதவுகளை அடைக்கவில்லை. முன்சுவரை இடிக்கப் போன காலையில் பெக்கோ இயந்திரமும் பொலிசும் எங்களோடு வந்தன. ஒரு கதவில் அவருடைய மனைவி, இன்னொன்றில் மகன், நடுவில் மேசன். தவிசாளர் வாகனத்துக்குள் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். குப்புற விழுந்தார், படிக்கல்லில் உதடு கிழிந்தது. எழும்பியபோது கையில் சுத்தியல் இருந்தது. நான் விழுந்த பிறகு பொலிஸ் பொல்லுகள் அவர்மேல் இறங்கின. குறுக்கே விழுந்த மனைவியையும் விடவில்லை. மண்ணில் கிடந்த இரண்டு பற்களை நான் பார்த்தேன். முன்சுவர் நாலாவது இடியில் சரிந்தது.

வைத்தியசாலையில் முறைப்பாடு எழுத வந்த பொலிஸ்காரர், யார் முதலில் கை வைத்தது என்று கேட்டார். “அவர்தான்” என்றேன். மேசன் பத்து மாதம் மறியலில் அடைபட்டுக் கிடந்தார்.

இப்போது கல்யாணச் சோடிகள் படமெடுக்க அந்த வீதிக்கு வருகிறார்கள். மேசனின் வீட்டையும் மகன் விதிப்படி கட்டிவிட்டான். ஓடு, தூண், நடுவில் ஒரு கதவு. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் அங்கே போனேன். முற்றத்து வேம்பின் கீழ் மேசன் சாக்குக் கட்டிலில் இருந்தார். மறியலில் இருந்து வெளியே வந்த நாள்முதல் அவர் வீட்டுக்குள்ளே படுத்ததே இல்லை என்றார் அவர் மனைவி. மழைக்கும் தாழ்வாரம்வரைதான் வருவாராம்.

“நான்தான் முதல் கை வைச்சனான். பொய் சொல்லிப்போட்டன்” என்றேன்.

“தெரியும் சேர். விழுந்தது நான்தானே.”

நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவர் வேறொன்று கேட்டார்.

“ஒங்க வீட்டுல எத்தன கதவு?”

“முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு.”

“பின்கதவுக்கு முன்னால சாமான் அடுக்கி வச்சிறாதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனேன். பின்கதவை மறித்துக் கூரைவரை நெல் மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தத் தொடங்கினேன். என்ன அவசரம் என்று என் மனைவி கேட்டாள். அடுத்த மூட்டையின் மற்ற நுனியைப் பிடிக்கச் சொன்னேன்.