சுவரில் மூன்றாவது ஓட்டை

அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகப்பில் நான்கு மைக் செருகலாம், பச்சை விளக்குகள் மினுங்கும், பின்னால் மூன்று முள் பிளக். ஓடியோ இன்டர்பேஸ் என்று பதுளைக் கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே உள்ளங்கை அளவில் இன்னொன்றும் இருந்தது. அதற்குச் சுவர் கரண்ட் தேவையில்லை, லெப்டொப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கடையில் வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி. சின்னதைத்தான் எடுத்து நீட்டினான்.

"மச்சான், ஸ்பீக்கர் அளக்க ரெண்டு வழி உள்ள வந்தா போதுங்க. நாம அனுப்புற சத்தம் ஒன்னுல, ஸ்பீக்கர்ல இருந்து திரும்பி வர்றது இன்னொன்னுல. நம்ம லயத்துக்கு இதுதான் சரி."

நம்ம லயத்துக்கு! தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த லயத்து ஆளுக்கு எதிலும் சின்னதே போதும் என்று ஊரார் சொல்லக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது இவனுமா? "பெருசைக் கட்டு" என்றேன். ஏனென்று விளக்க வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் செட் போடுவது என் தொழில். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை, பழைய குழாய் ஸ்பீக்கருக்கு மவுசு போய் எல்லோரும் நெஞ்சை அதிரவைக்கும் பாஸ் கேட்டார்கள். புதிதாக ஆறு ஸ்பீக்கர் வாங்கினேன், அவையும் மச்சினன் பார்த்து எடுத்துக் கொடுத்தவைதான். பலகைப் பெட்டி அடிக்கும் முன் அவற்றை அளக்க வேண்டும். எந்த ஸ்பீக்கருக்கும், விநாடிக்கு இத்தனை தடவை என்று, அது தானாகவே அதிகம் ஆடுகிற ஓர் எண் உண்டு. அது தெரியாமல் பலகையை அறுத்தால் பாஸ் வராது, வெறும் பானையைத் தட்டுவதுபோல் இருக்கும். அட்டைப்பெட்டியில் முப்பத்தெட்டு ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது.

லயத்து அறையில் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு அளந்தேன். லெப்டொப் திரையில் கோடு ஓர் இடத்தில் ஊசியாக எழுந்து நின்றது. ஐம்பது. அடுத்ததை மாட்டினேன், அதுவும் ஐம்பது. ஆறும் அச்சுக் குத்தியதுபோல் ஐம்பது. ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் அகலமான சின்ன மேடு ஒன்றும் தெரிந்தது. அதை யார் பார்த்தார்கள்? இரும்புப் பெட்டியைத் தொட்டபோது விரலைக் கிள்ளியது. அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் லயத்தில் கரண்டில் மாட்டிய எதைத் தொட்டாலும் கிள்ளும், என் மனைவி பலகைமேல் நின்றுதான் துணி அயன் பண்ணுவாள்.

முப்பத்தெட்டு என்று எழுதி ஐம்பதை விற்றால் அது போலிச் சரக்கு. மறுநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

"சொந்தக்காரன் தலையிலயே மொளகா அரைக்கிறியா?" என்று கத்தினேன். "சத்தியமா நல்ல சாமானுங்க மச்சான். முப்பத்தெட்டுதான் வரும். வேற எடத்துல வச்சு ஒருக்கா அளந்து பாருங்க" என்று கெஞ்சினான். "நான் அளந்துட்டேன்டா!" என்றேன். முதலாளிக்குக் கடையின் பெயர்தான் பெரிது. அட்டைப்பெட்டிக்குள் சரக்கை மாற்றியது இவன்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அன்றே அனுப்பிவிட்டார். கள்ளன் என்ற பெயரோடு அவன் கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தான். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நியாயம் என் பக்கம் என்று நான் விறைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்து மெனேஜர் துரையின் பங்களாவில் ஒரு விருந்து, சவுண்ட் செட் என்னுடையது, வேறு வழியில்லாமல் அதே ஆறு ஸ்பீக்கரோடு. பின்னேரமே போய் எல்லாவற்றையும் மாட்டினேன். தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வந்து, "என்னப்பா, ஸ்பீக்கர் நல்ல சாமானா?" என்று கேட்டார். "போலிங்க ஐயா, இப்பவே காட்டுறேன்" என்று ஒன்றைக் கழற்றி அளந்தேன்.

ஊசியே இல்லை. அந்தச் சின்ன மேடு மட்டும் அழகாக எழுந்து நின்றது. முப்பத்தெட்டு. அடுத்தது முப்பத்தேழு, அதற்கடுத்தது முப்பத்தெட்டரை. இரும்புப் பெட்டியைத் தடவிப் பார்த்தேன், கிள்ளவில்லை. பங்களாச் சுவரில் எர்த் இருந்தது, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி.

ஐம்பது ஸ்பீக்கருடைய எண்ணே அல்ல. நம் நாட்டுக் கரண்ட் விநாடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. எர்த் இல்லாத சுவரில் மாட்டியதால் அந்த இரைச்சல் பெட்டிக்குள் புகுந்து ஊசியாக நின்றிருக்கிறது. எங்கள் லயத்துச் சுவர்ப் பிளக்கிலும் மூன்று ஓட்டைகள் உண்டு. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி கிடையாது. வெறும் ஓட்டை! பங்களாவில் நாய்க்கூண்டு விளக்குக்குக்கூட எர்த் கொடுத்தவர்கள், பிள்ளை குட்டி படுக்கிற அறைக்கு ஒரு முழக் கம்பி இழுக்கவில்லை. அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் பெரிது. மச்சினன் கையில் வைத்து நீட்டிய சின்னதை வாங்கியிருந்தால் இந்தச் சுவரின் பக்கமே நான் போயிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி பலகைமேல் நின்று அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"கரண்டு கிள்ளுதுன்னு கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன். அது காதுல ஏற எந்தம்பிய கள்ளனாக்கணுமா? போன் போடுங்க அவனுக்கு."

போட்டேன். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவனே கேட்டான்.

"திரும்ப அளந்தீங்களா? எத்தனை?"

"முப்பத்தெட்டு" என்றேன்.

போனை வைத்துவிட்டான்.