எலிப் பொந்துக்கு வைத்திருந்த பிளாஸ்டர்

அன்றைக்கு அந்த மலைக்கு எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். யூனிட் முதலாளி, அவருடைய வேனை ஓட்டி வந்த டிரைவர், யூனிட்டில் மூட்டை தூக்கும் லோடுமேன், என் மனைவி, அவள் தம்பி, நான். ஏழாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்த விஷயத்தை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஒருவர் என்னை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள் என்கிறார். இன்னொருவர் ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்று என் எதிரிலேயே உட்கார்ந்து சொன்னார். நான் இரண்டு காலையும் நீட்டிக் காட்டிய பிறகும் அவர் முழுசாக நம்பவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அதற்குப் பிறகு பீங்கான் யூனிட்டில் கப்பு வார்ப்பதுதான் வேலை. எங்கள் மோல்டெல்லாம் பிளாஸ்டரில் செய்தவை. களிமண் கூழை அதில் ஊற்றினால் தண்ணீரைப் பிளாஸ்டர் குடித்துவிடும், மண் ஓரத்தில் ஒட்டிக் கப்பாக நிற்கும். வேலை பீஸ் கணக்கு. வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வார்த்தது எதுவும் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் மழை என்றால் எங்களுக்குச் சம்பளம் இல்லை. சூளைக்காரருக்கு மட்டும் மழையோ வெயிலோ மாதச் சம்பளம்.

இருந்த சூளைக்காரர் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார். அந்த இடத்துக்கு நானும் லோடுமேனும் போட்டி. முதலாளிக்கு யார் முகத்தையும் பார்த்து இல்லையென்று சொல்ல வராது. அதற்காக எதையும் செய்வார். அந்த நேரம் பார்த்துக் கல்வராயன் மலையில் மலையேறும் ஓட்டப் பந்தயம் நடத்துகிறவர்கள், ஓடி முடிப்பவர்களுக்குக் கொடுக்கப் பீங்கான் கப்பு கேட்டு எங்களிடம் ஆர்டர் கொடுத்தார்கள். இரண்டு பேர் இலவசமாக ஓடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளிக்கு அது சாமி வரம் கொடுத்தது போல ஆகிவிட்டது.

"நெருப்பு முன்னாடி முப்பது மணி நேரம் உக்காரணும்யா. அதுக்கு ஒடம்பும் வேணும், மனசும் வேணும். ரெண்டு பேரும் மலை ஏறுங்க. எவன் முடிச்சுட்டு வரானோ அவனுக்கு சூளை."

"ரெண்டு பேருமே முடிச்சுட்டா மொதலாளி?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான் தோன்றும்.

"நீ முடிப்பியா மொதல்ல?" என்றார் லோடுமேன். சிமென்ட் மூட்டையைத் தலையணை போலத் தூக்குகிற ஆள். என்னைவிட ஏழு வயது சின்னவர். "அண்ணே, ஒனக்கு வாட்டர் டேங்க் ஏணியப் பாத்தாலே தல சுத்தும்."

அது உண்மை.

விருத்தாசலம் என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே மலை இருக்கிறது, அசலம் என்றால் மலை. ஊரில் மலை இல்லை. கோயிலில் பிள்ளையாரைக் கும்பிடக்கூடப் படி இறங்கித்தான் போக வேண்டும். ஏறிப் பழக இடமே இல்லாமல் அலைந்து கடைசியில் ஜங்ஷன் நடைமேம்பாலத்தைப் பிடித்தேன். காலை ஐந்தரைக்குப் போய் ஏறுவேன், இறங்குவேன், திரும்ப ஏறுவேன். மாட்டிக்கொள்வோமோ என்று தினமும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான்காவது நாள் டிக்கெட் பரிசோதகர் பிடித்துவிட்டார்.

"எந்த ட்ரெயினுக்குய்யா இந்த ஓட்டம்?"

"ட்ரெயினுக்கு இல்லீங்க சார். மலைக்கு."

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலைக்கு ஓடக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. விட்டுவிட்டார். அன்று முதல் போர்ட்டர்கள் என்னை 'மலை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

என் காலில் செருப்பு மட்டும்தான். ஷூ மச்சானுடையது. என் மனைவியின் தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்காக ஐந்நூற்றுப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கி, மண் படாமல் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தான். செலக்‌ஷன் பந்தயத்துக்கு அடுத்த வாரம்.

"மாமா, கழுவித் தர வேணாம். இருக்கற மாதிரி தந்தா போதும்" என்றான். அவன் அக்கா முறைத்ததால்தான் கொடுத்தான்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். என் கவலைகள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. மலையில் இடி விழும். அட்டை ஏறும். பாறை உருளும். நெஞ்சு வலி வரும், வந்தால் கீழே கொண்டுவர வண்டி இருக்காது. இவற்றுக்கெல்லாம் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஷூ நனைந்து கால் கொப்பளித்துப் பாதியில் உட்கார்ந்துவிடுவேன் என்ற ஒரு கவலைக்கு மட்டும் என் தொழிலில் மருந்து இருந்தது.

நூறு நூற்றைம்பது தடவை ஊற்றிய மோல்டு தளர்ந்துபோகும். அதை உடைத்து நொறுக்கினால் வருவது செத்த பொடி. தண்ணீரைக் குடிக்கும், ஆனால் இறுகாது. அதை ஷூவுக்குள் போட்டால் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வரும், கால் காய்ந்தபடி இருக்கும். நன்றாக இடித்துச் சலித்து, ஒரு பால்பவுடர் டப்பாவில் அடைத்துப் பரணில் வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு டப்பா இருந்தது. அதில் சமையலறை எலிப் பொந்தை அடைக்க வைத்திருந்த புதுப் பிளாஸ்டர். தண்ணீர் பட்டால் கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும் சாமான்.

கிளம்புகிற அவசரத்தில் மனைவியிடம், "பரணுல வெள்ளப் பொடி டப்பா இருக்குது, எடுத்துக்க" என்றேன். அவள் எடுத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் நாங்கள் இறங்கும்போது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பந்தலின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு கொடி போல ஆடியது. நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. விசில் வைத்திருந்தவர் குடைக்குள்ளிருந்து, "பந்தலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, ஓடித்தான் ஆவணும்" என்றார். பத்துக் கிலோமீட்டர், பதினான்கு வளைவு. இரண்டரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே கட்டியிருக்கும் எல்லைக் கயிற்றைச் சுருட்டிவிடுவார்கள்.

வேனுக்குள் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டேன். மச்சான் டப்பாவைத் திறந்து பொடியைக் கொட்டினான்.

"போதும்டா மாப்ள."

"இருங்க மாமா, மழைய பாத்தீங்களா?" என்று இன்னும் இரண்டு கை போட்டான். அவன் ஷூ மீது அவனுக்கு அக்கறை. பொடி ரொம்ப நைசாக இருந்தது. நான் சலித்த பொடி இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று நான் பெருமைப்பட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

விசில் ஊதினார்கள். லோடுமேன் முதல் வளைவிலேயே கண்ணில் படாமல் போய்விட்டார். சேலம் பக்கத்துப் பையன்கள் பாலித்தீன் பையைத் தலையில் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டினார்கள். ரோட்டில் தண்ணீர் எதிரே ஓடி வந்தது. மூன்றாவது வளைவில் எல்லோரும் கால் விறைத்துவிட்டதாகக் கத்தினார்கள். எனக்கு மட்டும் விறைக்கவில்லை. இதமாக, வெந்நீரில் காலை வைத்தது போல இருந்தது. பொடி வேலை செய்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஓடினேன். இதம் சூடாயிற்று.

அப்போதுதான் புரிந்தது. செத்த பொடி சூடாகாது. இறுகப் போகிற பிளாஸ்டர்தான் முதலில் சூடாகும். இருபத்தோரு வருடம் அந்தச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து மோல்டைப் பிரித்தவன் நான். இப்போது நானே மோல்டுக்குள் நிற்கிறேன்.

கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன். கயிற்று முடிச்சுக்குள்ளும் பிளாஸ்டர் ஏறியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. இனி இந்தக் கால் அறுத்தால்தான் வரும், இரத்தம் ஓடாது, கறுத்துவிடும் என்று ஒரு பக்கம் மனசு ஓடியது. இன்னொரு பக்கம் மச்சானின் ஐந்நூற்றுப் பத்து ரூபாய் ஓடியது. கீழே இறங்கலாம் என்று எழுந்தேன். இறங்குகிற வழியில் அந்தக் காலோடு நடந்தால் குப்புற விழுவேன் என்று தெரிந்தது. ஏறுவதற்கு அவ்வளவு மோசமில்லை. அதனால்தான் மேலே போனேன். டீக்கடையில் சொல்கிற வைராக்கியமெல்லாம் கிடையாது.

கோயில் யானை படி ஏறுவது போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தேன். டக், டக் என்று சத்தம் கேட்டது. முன்னால் போன ஒரு ஆள், "பின்னாடி குதிர வருதா?" என்று திரும்பிப் பார்க்காமலே ஓரம் ஒதுங்கினார். இடி விழுந்தது. வழக்கமாக இடிக்கு நான் காதைப் பொத்துவேன். அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

ஒன்பதாவது வளைவில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே பஜ்ஜிக் கடை இருந்தது. உள்ளே லோடுமேன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே வா, மொளகா பஜ்ஜி."

"என்னாடா ஆச்சு? கால் பெசகிடுச்சா?"

"ஒண்ணும் ஆவல. குளிருது. பஜ்ஜி சூடா இருக்குது." இன்னொன்றை எடுத்துக் கடித்தார். "யோசிச்சுப் பாத்தேன் அண்ணே. இதுக்கே இப்புடின்னா, சூளைகிட்ட முப்பது மணி நேரம் யாரு உக்கார்றது? எனக்கு மூட்டையே போதும். நீயே வச்சுக்க."

நான் கிடந்து பயந்த ஆள் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து பஜ்ஜி இல்லியே." பிறகு என் காலைப் பார்த்தார். "இன்னாண்ணே இது, வெள்ளையா வழியுது?"

"பால்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆனால் அவர் விட்டுவிட்டதால் எனக்கு வேலை வந்துவிடாது. முடிக்கிறவனுக்குத்தான் சூளை என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு பேருமே முடிக்காவிட்டால் திட்டக்குடியிலிருந்து தன் சொந்தக்காரரைக் கூட்டி வந்துவிடுவார். முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மீதி ஐந்து வளைவையும் இதை நினைத்துக்கொண்டே ஏறினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை.

உச்சியில், வண்டியில் முன்பே வந்துவிட்ட விசில்காரர் கயிற்றைப் பாதி சுருட்டியிருந்தார். வேன் வேறு வழியாக முன்பே வந்து நின்றது. முதலாளி செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, கயித்த சுத்தாதீங்க! எங்க வூட்டுக்காரர் வராரு!"

"நேரம் முடிஞ்சுபோச்சும்மா" என்றார் விசில்காரர். அவருடைய கடிகாரத்துக்குள் தண்ணீர் போய் முள் நின்றிருந்தது. முதலாளி செல்போனைக் காட்டினார். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. விசில்காரர் சலித்துக்கொண்டு கயிற்றின் ஒரு முனையைத் தரையில் போட்டார். அதைத் தாண்டினேன். சரியாகச் சொன்னால், அதன் மேல் விழுந்தேன்.

முதலாளி பெட்டி வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். கைப்பிடிக்குக் கீழே ஊசி முனை அளவு ஓட்டை. நானே வார்த்து, பரவாயில்லை போகட்டும் என்று விட்ட கப்பு.

பிறகு டிரைவர் ஸ்பேனரை எடுத்து வந்தார். தட்டியதில் வலது கால் பிளாஸ்டர் ஷூவோடு உடைந்தது. இடதைப் பிளேடால் நான்கு பக்கமும் கிழித்த பிறகுதான் வந்தது. கால் கறுக்கவில்லை. ஒரு கொப்பளம்கூட இல்லை. மச்சான் கிழிந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றான். முதலாளி இடது கால் பிளாஸ்டரைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"சுத்தமா எறங்கியிருக்குய்யா. ஒரு காத்துக்குமிழிகூட இல்ல. வேலைல இப்புடி ஊத்த மாட்டேங்கற."

"சூளை மொதலாளி?"

பெருமூச்சு விட்டார். "பொடி எதுன்னு பாக்காம கால்ல ஊத்திக்கினு வந்தவன்கிட்ட நெருப்பக் குடுக்கணும். என்ன பண்றது, சொல்லிட்டேனே." திங்கட்கிழமை சூளையில் உட்கார்ந்தேன். அந்தக் கார்த்திகையில் எங்கள் வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தது. இடது கால் பிளாஸ்டர் இன்றைக்கும் சூளைக் கொட்டகைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து நிற்கிறது.

வேனில் திரும்பும்போதே வழக்கு ஆரம்பித்துவிட்டது. டப்பாவை எடுத்து வந்தது அக்கா. அளவில்லாமல் கொட்டியது தம்பி. இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான். சேத்தியாத்தோப்பில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் கூடிப் பேசி, தப்பு மூன்று பேருடையது என்று மூன்றாகப் பிரித்தார்கள். மச்சான் தன் பங்கைக் கழித்துக்கொண்டான். இரவல் ஷூவில் செலக்‌ஷனுக்குப் போனான். ஓட்டத்தில் தேறி, மார்பளவில் தோற்றான். அதற்கும் நான் கெடுத்த ஷூதான் காரணம் என்கிறான். என் பங்கு நூற்று எழுபதை முதல் மாதச் சம்பளத்திலேயே கொடுத்தேன்.

என் மனைவியின் பங்கையும் நானே கொடுத்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை நோட்டைக்கூட எண்ணி அவன் கையில் வைத்தேன். அவள் பிடுங்கி என் பையிலேயே திணித்தாள்.

"குடுத்தா, நான்தான் தப்பு டப்பாவ எடுத்தேன்னு ஆவும். வெள்ளப் பொடின்னுதான சொன்னீங்க? ரெண்டும் வெள்ளதான்."

அவள் பங்கு நூற்று எழுபது ரூபாய் இன்னும் பாக்கி.