உயிரோடு வந்த ஒன்பதாம் அத்தியாயம்

எங்கள் கிளினிக்கின் முன்மேசையில் இருப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுப் பெரியவர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து, "அக்கா, டாக்டர் இருக்காங்களா?" என்பார். டாக்டர் நான். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தில் ஆறு நாற்காலி. இதுதான் எங்கள் சாம்ராஜ்ஜியம். பதினோரு வருஷமாக அதை ஆள்வது அக்கா.

கூடத்தில் ஒரு புத்தக அலமாரி வைத்தது மட்டும் என் யோசனை. கையில் புத்தகம் இருந்தால் உள்ளே ஓடும் மெஷின் சத்தம் காதில் விழாது என்று நினைத்தேன். கதைப் புத்தகம் வேண்டாம், பாதியில் விட்டுவிட்டு உள்ளே வர மனம் வராது என்று, பிரபலங்களின் வாழ்க்கை வரலாறு, உடம்பு, தூக்கம், மிருகங்கள், முன்னேற்றம் என்று புதிதாக வருவதையெல்லாம் மாதம் மூன்று நான்கு வாங்கிப் போட்டேன். நோயாளிகள் செல்போனைத்தான் பார்த்தார்கள். அலமாரி மொத்தத்தையும் படித்து முடித்தவர் அக்கா ஒருவர்தான்.

பெரிய படிப்பாளி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கூச்சமாகிவிடும். "பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா படிப்பேன். கிடைக்கலேன்னா பக்கத்துல இருக்கிறவங்க போன்ல என்ன ஓடுதுன்னு பார்ப்பேன். ரெண்டும் ஒண்ணுதான்" என்பார். கதை மட்டும் ஆகாது. "யாரோ உக்காந்து யோசிச்சதை நான் எதுக்குப் படிக்கணும்? எனக்கு நடந்தது வேணும்."

நடந்ததைச் சொன்னவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. ஒரு நடிகர் தன் எளிமையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அக்கா ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே படித்தார். "எளிமையா இருக்கிறதுக்கு மனுஷனுக்கு பதினோரு வேலையாள் வேண்டியிருக்கு டாக்டர்" என்று என்னிடம் கணக்கு ஒப்படைத்தார். காலை நாலரை மணிக்கு எழுந்ததால்தான் முன்னுக்கு வந்தேன் என்ற தொழிலதிபர் அம்மாவின் புத்தகத்தை அவர் இரண்டே நாளில் திருப்பி வைத்துவிட்டார். "இவங்க நாலரைக்கு எழுந்தப்போ கையில காபி குடுத்தது யாரு? அவங்க எழுதட்டும், படிக்கிறேன்." தூக்கத்தைப் பற்றிய அறிவியல் புத்தகத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. நாலாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டாராம், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டதாம். ஒரு விளையாட்டு வீரர் மீதுதான் தீராத கோபம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பதினாலு பக்கம் ஒதுக்கியவர், மனைவிக்கு ஒரே வரி ஒதுக்கியிருந்தார்: அவள் புரிந்துகொண்டாள். "என்னத்தைப் புரிஞ்சுக்கிட்டான்னு சொல்லணுமா இல்லையா? அந்தப் பொண்ணு இன்னும் யோசிச்சிட்டு இருப்பா."

வீட்டில் அக்காவின் கணவர் துணி தேய்த்தபடி இதையெல்லாம் கேட்பாராம். அவர் லிஃப்ட் மெக்கானிக். புத்தகம் தொட்டதில்லை. ஆனால் கேள்வி மட்டும் குறி தவறாது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அக்கா வியந்தபோது, "மூணுக்கும் ஒண்ணா ரிப்பேர் வருமா, தனித்தனியா வருமா?" என்று கேட்டாராம்.

போன வருஷம் ஒரு பிரபல பாடகரின் சுயசரிதை வந்தது. அக்கா வழக்கம்போல எடுத்துப் போனார். மறுநாள் கண் சிவந்து வந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல டாக்டர். ஒன்பதாவது அத்தியாயம்."

அதில் பாடகரின் சின்ன வயது வருகிறது. அவருக்கு ஒரு தங்கை. பள்ளிப் பைக்குள் தவளையை வைத்துக்கொண்டு போகிறவள், சைக்கிள் மணியில் தன் தலை ரிப்பனைக் கட்டி வைக்கிறவள். அண்ணன் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறான். பதினாறு வயதில், மூன்று நாள் காய்ச்சலில், அவள் போய்விடுகிறாள். ரிப்பன் மணியிலேயே இருக்கிறது. இதை அக்கா பஸ்ஸில் படித்து அழுதிருக்கிறார். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்து, தோளைத் தட்டி, தான் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்கு அடுத்த வாரம் ஒருவர் கீழ்க் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். ஐம்பது தாண்டிய ஒல்லியான ஆள். வேலை என்ற கட்டத்தில் "எழுத்து" என்று மட்டும் எழுதினார். வேர் சிகிச்சைக்கு நாலு முறை வர வேண்டும். முதல் நாள் ஊசி போட்டு, வாய் மரக்கும்வரை வெளியே உட்காரச் சொன்னேன். அவர் அலமாரியில் இருந்த பாடகர் புத்தகத்தை எடுத்தார், அட்டையைப் பார்த்தார், சட்டென்று திரும்ப வைத்துவிட்டார்.

கதவு திறந்திருந்ததால் உள்ளே எனக்கு எல்லாம் கேட்டது.

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்றார் அக்கா. "அதை முழுசாப் படிக்க வேண்டியதில்ல. முதல் நூறு பக்கம் அவரு வாங்கின விருது, அடுத்த நூறு பக்கம் அவருக்கு விருது குடுக்காதவங்க. ஆனா ஒன்பதாவது அத்தியாயம் மட்டும் படிங்க. அதை எழுதினது வேற மனுஷன் மாதிரி இருக்கும். தங்கச்சி சாகிற இடத்துல ஒரு வார்த்தை அதிகமா இல்ல. அந்த ஒரு அத்தியாயத்துக்காக மத்த பக்கத்தையெல்லாம் மன்னிச்சு விட்டுட்டேன்."

கடைவாய்க்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாதி உதடு வேலை செய்யவில்லை. "ஹா" என்று காற்றுதான் வந்தது. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, எங்கள் அப்பாயிண்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் எழுதி நீட்டினார். அக்கா அதை எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"அந்தப் புத்தகத்தை எழுதியது நான்."

இரண்டாவது முறை வந்தபோது, ஊசிக்கு முன்னாலேயே அவர் பேசிவிட்டார். பிரபலங்களுக்காக எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். பெயர் போடமாட்டார்கள். பாடகரோடு பதினைந்து நாள் உட்கார்ந்தார். சின்ன வயதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பாடகர், "அதுல என்ன இருக்கு? நீங்களே ஏதாவது போட்டுக்குங்க" என்றாராம்.

"போட்டுட்டேன்" என்றார் கடைவாய்க்காரர். "அது என் தங்கச்சி."

அக்காவுக்கு மறுபடியும் கண் கலங்கிவிட்டது. "பாவம்" என்றார். கடைவாய்க்காரர் மேலே ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் பார்த்து நான் உள்ளே கூப்பிட்டுவிட்டேன். தப்பு என்மீது.

மூன்றாம் முறை அவர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். சிகிச்சை முடிந்து எழுந்தவர், "லைட் ஏன் குறையுது?" என்று குளறியபடி சரிந்தார். பிடித்து நாற்காலியில் சாய்த்து, காலைத் தூக்கி வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் மயங்கியவரைத் தனியே அனுப்புவது எங்கள் வழக்கம் இல்லை. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அக்கா எடுத்துப் பார்த்தார். தங்கை என்று போட்டு ஒரு எண் இருந்தது.

"ஒருத்தி போனாலும் இன்னொரு தங்கச்சியாவது இருக்காங்களே, நல்லவேளை" என்று அக்கா போனை எடுத்தார்.

"வேஹாம்" என்றார் கடைவாய்க்காரர், மரத்த வாயோடு.

"வேணும்னா இதோ கூப்பிடறேன்" என்றார் அக்கா. அவருக்குச் சரியாகவே காதில் விழுந்தது என்பது என் எண்ணம்.

அரை மணி நேரத்தில் கீழே ஒரு கார் வந்து நின்றது. தலையில் 'ஓட்டுநர் பயிற்சி' என்று பலகை வைத்த கார். பருத்த உடம்பு, வெயிலில் கறுத்த கை, கழுத்தில் விசில். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். "எங்க அவன்?"

"உள்ள படுத்திருக்காரு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று அக்கா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க சகோதரியைப் பத்திப் படிச்சேன்ம்மா. மனசே ஆறல. இத்தனை வருஷம் ஆனாலும் உங்க அண்ணன் மறக்கல பாருங்க."

"எந்தச் சகோதரி?"

"சைக்கிள்ல ரிப்பன் கட்டின..."

"அது நான்தான்" என்றார் அந்தப் பெண்மணி. "அவனுக்கு நான் ஒருத்திதான் தங்கச்சி. என்னைத்தான் காய்ச்சல்ல கொன்னுட்டான்."

அக்கா கையை விடவில்லை. ஆனால் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

தங்கை நின்றுகொண்டே பொரிந்து தள்ளினார். கார் ஓட்டப் பழகும் ஒரு பெண் கிளட்சை விட்டுவிட்டு அழுதிருக்கிறாள். என்னவென்று கேட்டால், ஒரு பாடகரின் தங்கை செத்துப்போன கதையைச் சொல்லியிருக்கிறாள். தவளை, ரிப்பன், மணி. அன்றே இவரும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார். "என் தவளை. என் ரிப்பன். போன் பண்ணி, ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடான்னேன். போனை வச்சுட்டான். ஒரு மாசமா நானும் பேசல. செத்ததைக்கூட விடுங்க. அவன் எனக்குச் சைக்கிள் கத்துக் குடுத்தானாம். நான்தாங்க அவனுக்குக் கத்துக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் வளைவுல கால ஊனாம திரும்பத் தெரியாது அவனுக்கு. நான் ஊருக்கே வண்டி கத்துக் குடுக்கிறேன், எனக்கு அவன் கத்துக் குடுத்தானாம்."

கடைவாய்க்காரர் வாயில் பஞ்சோடு வாசலில் வந்து நின்றார். இந்த உலகத்திலேயே பேச முடியாத நிலையில் பிடிபட்ட ஒரே எழுத்தாளர் அவராகத்தான் இருப்பார். தங்கை இன்னும் கொஞ்சம் திட்டினார். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில் அக்காவே கேட்டார். அவருக்கும் ஒரு நியாயம் வேண்டியிருந்தது, பஸ்ஸில் அழுதவர் அவர்தானே. "எல்லாம் சரி சார். எதுக்கு சாகடிச்சீங்க?"

அவர் அட்டை கேட்டு வாங்கி எழுதினார். அக்கா படித்தார். "பாடகருக்குத் தங்கை கிடையாது. உயிரோடு விட்டால் டிவிக்காரர்கள் பேட்டிக்குத் தேடுவார்கள்."

தங்கையின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, சிரிப்பை அடக்குகிறாரா அழப்போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அட்டையைப் பிடுங்கி இன்னொரு முறை படித்தார். கடைவாய்க்காரர் அதை மறுபடி வாங்கி, கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். இந்த வரியை அக்கா உரக்கப் படிக்கவில்லை. தங்கையிடம் நீட்டிவிட்டு, மேசையில் இருந்த பேனாக்களை அடுக்க ஆரம்பித்தார். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அதில் இருந்ததாக அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

தங்கை அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார். "இன்னிக்கும் சாப்பிடாமதானே வந்து விழுந்திருக்கே" என்றார். "வா, வண்டில ஏறு. பெல்ட் போடு. பிரேக் உன் பக்கமும் இருக்கு, அதைத் தொடாதே."

வாசல்வரை போனவர், திரும்பி அக்காவிடம் கேட்டார். "நீங்க சரியா எந்த இடத்துல அழுதீங்க?"

"ரிப்பன் மட்டும் மணியில இருந்துச்சுன்னு வர்ற இடத்துல."

"ம்" என்றார் தங்கை. "அங்கதான் நானும்."

பாடகர் இன்னமும் டிவியில் அந்தத் தங்கையை நினைத்துக் கண்ணைத் துடைக்கிறார். கடைவாய்க்காரர் சொல்கிறார், இப்போது பாடகருக்கே அது நடந்ததாக நம்பிக்கை வந்துவிட்டதாம். தவளையின் நிறம்கூடச் சொல்கிறாராம்.

அக்காதான் பத்து நாள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "இதுல மட்டும்தான் டாக்டர் பொய் இருக்காது" என்றார். வீட்டில் கணவரிடம் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். அவர் சட்டைக் காலரைத் தேய்த்து முடித்துவிட்டு, "அந்தம்மா உசுரோட இருக்கிறதுல உனக்கு வருத்தமா?" என்று கேட்டாராம். அக்காவுக்குக் கோபம் வந்ததாம். அப்புறம் யோசித்துப் பார்த்து, கொஞ்சம் வருத்தம்தான் என்று ஒத்துக்கொண்டாராம். அதைச் சொல்லிவிட்டு இருவரும் வெகுநேரம் சிரித்தார்களாம்.

நாலாவது முறை அண்ணனைத் தங்கையே அழைத்து வந்தார். அண்ணன் உள்ளே வாயைத் திறந்திருந்த நேரம், வெளியே அவர் அலமாரியைப் பார்வையிட்டு, எது தேறும் என்று கேட்டார். அக்கா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். நடிகர், நாலரை மணி அம்மா, முழங்கால்காரர் என்று வரவரக் குரல் பழையபடி ஆகிவிட்டது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தார். "இதை நாள் முழுக்கக் கேக்கலாம் போலிருக்கே. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"எனக்கா? நாப்பத்தேழு வயசாச்சு."

"அறுபத்திரண்டு வயசுக்காரருக்குப் போன வாரம் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை காலையில வாங்க."

இப்போது ஞாயிறு காலைகளில் பலகை வைத்த அந்தக் கார் எங்கள் தெருவில் விட்டு விட்டுப் போவதைப் பார்க்கலாம். பின் சீட்டில் சில நாள் அந்த அண்ணனும் இருப்பார். அடுத்து ஒரு மலையேறியின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது என்பது வண்டிக்குள் விதி. அக்கா வளைவில் நன்றாகத் திரும்புகிறாராம். புத்தகம் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் கிளட்சில் இருந்து கால் வந்துவிடுகிறதாம்.