மாமியார் சொன்ன மாதம்

பிரசவம் பார்ப்பது மருத்துவச்சி வேலையில் பாதிதான். கேட்ட கேள்விக்கு நேரான பதில் வாங்குவது மீதிப் பாதி. வீடு வீடாகப் போய்ப் பிழைத்தவர்கள், தையல்காரரோ டியூஷன் வாத்தியாரோ, இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்து சண்டை போட்ட நாளில், நான் மலாக்காப் பக்கம் லூபோக் சீனாவில் குடியிருந்து, சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கு சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். எத்தனையோ பிரசவம் பார்த்தேன். ஒன்றே ஒன்று என்னைப் படுத்திய பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன்.

லாரி வேண்டாம்

அஞ்சலை பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். முதல் பிரசவத்துக்கு அவளைத் தோட்டத்து லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியில் இரண்டு இடத்தில் லாரியை நிறுத்திச் சோதனை போட்டார்கள், நேரமாகிவிட்டது. லாரியிலேயே பிள்ளை பிறந்தது. டவுனுக்குப் போய்ச் சேருமுன் இறந்துவிட்டது. மறுபடி உண்டாகி வயிறு நன்றாகத் தெரிந்ததும் அவள் புருஷன் முனியாண்டி என்னைத் தேடி வந்தான்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் அவளைப் பரிசோதித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பெறுவதன் நன்மைகளை, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, விரல் விட்டு எண்ணினேன். ஐந்தாவது விரல் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான் மிஸ்ஸி. ஆனா நான் லாரில ஏற மாட்டேன். பொறந்தா இந்த வீட்லதான் பொறக்கணும்."

மாதக் கணக்கு

வீட்டில் பிரசவம் என்றால் எனக்கு முதலில் தேதி தெரிய வேண்டும். எத்தனை மாதம் என்று அஞ்சலையைக் கேட்டால் அவள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார் செல்லம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அஞ்சு" என்றார். என் கைக்கு அது ஆறு என்று பட்டது. ஆனால் என் பாரத்தில் கைக்குப் பட்டதை எழுதக் கட்டம் கிடையாது. வீட்டார் சொன்னதை எழுதத்தான் கட்டம் இருந்தது. ஐந்து என்றே எழுதினேன். அது என் தப்பு. அதை இன்றைக்கும் வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

வயிறு பெரிதாக இருக்கிறதே என்று மட்டும் கேட்டு வைத்தேன். செல்லம்மா சுவரோரம் நின்ற முனியாண்டியைக் கை காட்டினார்.

"எங்க குடும்பத்துக்கே வயிறு பெருசுதான் மிஸ்ஸி. என் மவனைப் பாருங்க, அவன் என்ன புள்ளையா பெக்கப் போறான்?"

பத்து நாள் பாஸ்

அப்போதெல்லாம் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலை அடைத்தால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். பகலில் என்னைப் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். ராத்தங்கலுக்குத் தோட்டத்து ஆபீஸ் பாஸ் வேண்டும். வலி ஆறு மணிக்குள்தான் வரும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே தேதி நெருங்கும்போது நான் அஞ்சலை வீட்டிலேயே போய்த் தங்கிவிடுவது என்று திட்டம் போட்டோம்.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கேட்டார். ஐந்து மாதத்தை வைத்து நான் கணக்குப் போட்டு மூன்று வாரம் கேட்டேன். அவர் பத்து நாளுக்கு எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

"உள்ள இருக்கறதுக்கும் தேதியச் சொல்லி வைங்க மிஸ்ஸி. மாத்தணும்னா தொரைதான் கையெழுத்துப் போடணும்."

பூண்டு

பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது என்று செல்லம்மா ஒரு முழம் மல்லுத் துணிகூட வாங்க விடவில்லை. பழைய வேட்டியைக் கொதிக்கவைத்து வெயிலில் காயப் போட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். அதையும் வேறு எதற்கோ என்று சொல்லித்தான் செய்தார். பெற்றவளுக்கான பத்தியத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. பூண்டு, சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று பெரிய பட்டியல். வெளியிலிருந்து வருகிறவள் என்பதால் வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது.

காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று வாசலில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள். காவலுக்கு இருந்த யூசோப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கைச் சேர்ந்தவர், எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். பூண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பிள்ளை பிறந்ததும் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தன் காவல் சாவடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு பொம்பளைக்கு இவ்ளோ பூண்டா? காட்டுல எத்தனை பேரு புள்ளை பெத்தாங்க லா?"

கண் பட்டுவிடும்

பாஸ் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு நாள் பிற்பகல் முனியாண்டி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றான். மத்தியானத்திலிருந்து வலி என்றான். நாங்கள் தோட்டத்து வாசலைத் தொட்டபோது மணி ஐந்து. யூசோப் பாஸைப் படித்துவிட்டு, உள்ளே போகலாம், ஆறு மணிக்கு வெளியே வந்தாக வேண்டும் என்றார். தேதியை மாற்றக் கையெழுத்துப் போட வேண்டிய துரை மலாக்காவுக்குப் போயிருந்தார்.

அஞ்சலையைப் பார்த்தேன். பிள்ளைக்கு மாதம் நிறைந்திருந்தது. ஆனால் ஆறு மணிக்குள் பிறக்காது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை மாதம், உண்மையைச் சொல்லுங்கள் என்று செல்லம்மாவிடம் கத்தினேன். அவர் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"மொதப் புள்ளைக்கு எல்லார்ட்டயும் சரியா சொல்லித்தானே பறிகொடுத்தோம். இதுக்கும் கண்ணு பட்டுருமேன்னு ஒரு மாசம் கொறைச்சு சொன்னேன் தாயி. அத ஆபீஸ்ல எழுதுவாங்கன்னு நான் கண்டேனா?"

சாவடி

நேரே யூசோப்பிடம் ஓடினேன். நான் போய்விட்டால் அவள் தனியாகப் பெற வேண்டும், இந்தப் பிள்ளையும் தங்காது என்றேன். அவர் பாஸைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் தன் சாவடியைப் பார்த்தார். அது வேலிக்குக் குறுக்கே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்கும் பலகைக் குடிசை. உள்ளே தங்கத்தான் பாஸ் வேண்டும், சாவடியைப் பற்றி ஆபீஸ் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

முனியாண்டியும் நானும் அஞ்சலையைத் தாங்கி நடத்திவந்தோம். வாசல் கண்ணில் பட்டதும் லாரிதான் என்று நினைத்து, என் கையை உதறிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். லாரி இல்லை, லாரி இல்லை என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அரிசி கொட்டிச் சோதிக்கிற மேசையில் அவளைப் படுக்கவைத்தோம். யூசோப் வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆறு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் பையன் பிறந்தான். அழவில்லை. சளியை எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்தேன். பிறகு அழுதான், வேலி முழுக்கக் கேட்கிற மாதிரி. அஞ்சலை பிள்ளையை வாங்கி அதன் வாயிலேயே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்து வாசல் திறந்ததும் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். யூசோப், வருவோர் போவோரை எழுதும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாசல் வழியா யாரும் வரல, ஆனா உள்ள ஒரு ஆள் கூடுதலா இருக்கு. இத எப்படி எழுதறது மிஸ்ஸி?"

மூன்று மாதம் திட்டம் போட்டு நடத்திய அந்த வீட்டுப் பிரசவத்தில் வீடுதான் இல்லாமல் போயிற்று, பிள்ளை இருந்தது.