எதுவரைக்கும் பார்க்கலாம்

செல்வராணி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஓர் ஊர்க் கூட்டத்தில். அதற்கு முன்னால் ஆறு வருசமாக அவள் எங்கள் குடும்பத்தில்தான் இருந்தாள். என் சித்தி மகன் சுடலைக்கண்ணனுக்கு வாக்கப்பட்டவள். கலியாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது நாங்கள் கோவில்பட்டியில் கடை வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் போய்வந்தார். அதன்பிறகு யார் பேசினாலும் ‘சுடலைக்கண்ணன் பொண்டாட்டி’ என்பார்கள். இல்லையென்றால் அவனுடைய அக்காள் சண்முகவடிவைச் சொல்லி, ‘வடிவு தம்பி பொண்டாட்டி’ என்பார்கள். அவளுக்கென்று பெற்றவர்கள் வைத்த பேர் என்ன என்று நானும் கேட்டுக்கொண்டதில்லை.

உடன்குடிக்குத் தெற்கே அவர்கள் ஊர். அம்மன் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். ஊர்த்தலைவர் எழுந்து, “செல்வராணி, நீ சொல்லும்மா” என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். மெலிந்த ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, எழுந்து நின்றாள்.

சுடலைக்கண்ணன் பம்பாய்க்கு மளிகைக் கடை வேலைக்குப் போனவன். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். நாலு வருசம் தகவல் கிடையாது. பிறகு வந்து நின்று, அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்றான். அவள் அத்துவிடச் சொல்லிவிட்டாள்.

அத்துவிட அந்த ஊரில் ஒரு முறை உண்டு. காய்ந்த பனை ஈர்க்கின் ஒரு முனையைப் புருசன் பிடிக்க வேண்டும், மறுமுனையைப் பொண்டாட்டி. முறித்த கையோடு இரண்டு பேரும் மூன்று தடவை, எங்களுக்குள் இனி ஒன்றுமில்லை என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவள் அவனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. ‘வாங்க’ என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்து, அது நாலு பேர் காதில் விழுந்தால் போதும், முறிந்தது ஒட்டிவிட்டது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். அதே ஆட்களுக்கு இரண்டாவது தடவை கூட்டம் போட மாட்டார்கள்.

சுடலைக்கண்ணன் வாய்க்குள்ளே முணுமுணுத்தான். அவள் சொன்னது கொட்டகைக்கு வெளியே கருப்பட்டிச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி, “இத்தினிக்காணு ஒடம்புல எங்கனதான் வச்சிருக்காளோ அந்தக் குரல” என்றாள். அந்த வருசம் வடிவு மகன் ஜெயகணேஷுக்கு எட்டு வயசு.

செல்வராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள். முதலில் ஒரு பாத்திரக் கடையில் நின்றாள். பிறகு துறைமுகம் போகிற சாலையில் ஒரு எடைமேடையில் வேலை கிடைத்தது. உப்பு, நிலக்கரி, மரத்தடி என்று ஏற்றிவரும் லாரிகள் அங்கே நின்று எடை போட்டுவிட்டுத்தான் போகும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் நம்பரைக் கூப்பிட வேண்டும். “நாப்பத்தி மூணு எழுவது, மேடைக்கு வா. டிரைவர் எறங்கு. கிளீனரும் எறங்கு, ஒன் எடையெல்லாம் சரக்குல சேக்க முடியாது.” அறைக்குள் இருப்பவள் முகத்தை யார் பார்த்தார்கள். குரலைத்தான் அத்தனை டிரைவர்மாருக்கும் தெரியும். நாமக்கல்லிலிருந்து வருகிறவனும் “மேடக்கா சத்தம்” என்று சொல்வான்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் மகனோடு தூத்துக்குடி முத்தையாபுரத்துக்குக் குடி வந்தேன். செல்வராணி வீடு இரண்டு தெரு தள்ளி. அத்தது அவளும் அவனும்தான், என்னோடு என்ன. அவள் என்னை மதினி என்று கூப்பிடுவதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போவாள். கடைசி வரைக்கும் நான் பார்த்த படம் அவளோடு போனதில் ரொம்பக் குறைவு. படம் எங்கே கெடுகிறதோ அங்கே எழுந்துவிடுவாள். “போதும் மதினி. இதுவரைக்கும் நல்லாத்தான் கொண்டாந்தான், இங்கன கவுத்திட்டான்.” எனக்கு முட்டி வலி, உட்கார்ந்தே இருக்கலாம் என்றாலும் விட மாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் டிரைவர்மார் அவளிடம்தான் கேட்பார்கள். உப்பு லாரி ஓட்டுகிற தளவாய் என்றொருவன், கண்ணாடியில் தட்டிக் கேட்பான்.

“எக்கா, புதுப்படம் எதுவரைக்கும் பாக்கலாம்?”

“கோர்ட்டு சீன் வரைக்கும்ல. அதுக்குப் பெறகு அந்தப் பிள்ள அறிவக் கழட்டி வச்சிருதா.”

“அப்ப ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துரலாங்க.”

“ஆமா. பொண்டாட்டி சந்தோசப்படுவா.”

அவளுக்குச் சண்டை கெட்டால் வருத்தமில்லை, பாட்டு கெட்டாலும் வருத்தமில்லை. படம் முழுக்க நிமிர்ந்து நடந்த ஒரு பெண்ணைக் கடைசி ரீலில் எவன் காலிலாவது விழ வைத்தால்தான் பொறுக்காது.

மூன்று வருசத்துக்கு முன்னால் வடிவு மகன் ஜெயகணேஷ் வந்தான். சென்னையில் சினிமாவில் உதவியாளாக இருந்து, அப்போது தானே ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் எடைமேடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. நடிக்கிற பெண் வெளிமாநிலம். நம் பேச்சு வாயில் நுழையாது.

“அத்தை, குரல் நீங்கதான் குடுக்கணும்” என்றான். ஊர் அத்துவிட்டாலும் அவன் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

“ஏலே, எனக்கு மைக்ல லாரியத்தான் கூப்பிடத் தெரியும்.”

“அப்படித்தான் பேசணும். அதுக்குத்தான் வந்தேன்.”

மாதா பாட்டும் கோயில் கொடைப் பாட்டும் பதிவு செய்கிற ஒரு சின்ன ஸ்டூடியோ, பழைய துறைமுகத்துப் பக்கம். துணைக்கு நானும் போனேன். பதிவு செய்கிறவர் பேர் ஜெபகனி. திரையில் அந்தப் பெண் வாயை அசைப்பாள், அதற்குத் தக்கபடி செல்வராணி பேச வேண்டும். முதல் நாள் தடுமாறினாள். இரண்டாம் நாள், எழுதிக் கொடுத்த வசனத்தையே திருத்த ஆரம்பித்துவிட்டாள். “எந்த மேடையில ‘தயவுசெய்து இறங்கவும்’னு சொல்லுதாவ? எறங்குல, அவ்ளோதான்.” ஜெயகணேஷ் எழுதி எழுதி மாற்றினான்.

படம் நன்றாக இருந்தது. புருசன் விட்டுப் போனது, பிள்ளையோடு பஸ் ஏறியது, பாத்திரக் கடை, எடைமேடை எல்லாம் வந்தது. அவள் கதைதான் என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அதில் அவளுக்குச் சந்தோசம்தான். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசில என்னல வரும்?” என்று கேட்டபோது மட்டும், “அது இன்னும் எடிட்டிங்ல கெடக்கு அத்தை” என்றான்.

ஆறாம் நாள் அதுவும் வந்தது. மழை கொட்டுகிறது. கதவு தட்டும் சத்தம். திறந்தால் விட்டுப்போன புருசன். அந்தப் பெண் ஒரு நிமிசம் நின்று பார்த்துவிட்டு, தடாலென்று அவன் காலில் விழுகிறாள். ஜெபகனி வசனத் தாளை நீட்டினார். ‘வாங்க. இத்தன வருசமும் ஒங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.’

செல்வராணி தாளைப் படித்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுடலைக்கண்ணன் பம்பாய்க் குடும்பமும் முறிந்து, ஊருக்கு வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. வடிவு வீட்டில் சாப்பாடு. ‘வாங்கன்னு அவ ஒரு வார்த்த சொன்னாப் போதும், போயிருவேன்’ என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் தூது பேசினார்கள். அவள் வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிடுவாள்.

“என்ன அத்தை?” என்றான் ஜெயகணேஷ்.

“இத நான் பேச மாட்டேன்.”

“வெறும் வசனந்தான. காலுல விழுதது வேற பொம்பள.”

“மூஞ்சி அவளுது. கொரல் யாருது? இந்த ரோட்டுல என் மூஞ்சியத் தெரிஞ்சவன் எத்தன பேரு, கொரலத் தெரிஞ்சவன் எத்தன பேரு?”

“யாரு அத்தை அப்படி நெனைக்கப் போறா.”

“ஒங்க மாமா நெனைப்பாரு. ஊரு நெனைக்கும். ஊரு முன்னால மூணு தடவ சொன்னத மைக் முன்னால ஒரு தடவ மாத்திச் சொன்னா அத்தது ஒட்டிரும். அந்தக் கூட்டத்துல நீயும் இருந்தவந்தானல.”

“அந்தக் காலத்துப் பழக்கத்தையெல்லாம்...” என்று இழுத்தான். பிறகு நிசத்தைச் சொன்னான். “அம்மாதான் கேட்டா. நெசத்துல சேராததப் படத்துலயாவது சேத்து வைய்யின்னா.”

செல்வராணிக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். வரவில்லை. மைக்கில் லாரி நம்பர் சொல்கிற அதே நிதானத்தில் பேசினாள். “ஒங்க அம்மைக்குத் தம்பி மேல பாசம், தப்பில்ல. ஆனா நீ படம் எடுக்குத. இதுவரைக்கும் ஒரு பொம்பள ஒத்தையில நின்னு சமாளிச்சத எடுத்திருக்க. கடைசி நிமிசத்துல அம்புட்டையும் கொண்டுபோய்க் காலுல போடுதியே.”

“நீங்க பேசலன்னா மெட்ராஸ்ல ஒரு ஆள வச்சுப் பேசிருவேன். படந்தான் கெட்டுப்போவும்.”

“பேசிக்கோ. படம் கெடுதது அதுனால இல்ல.”

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். “சரியாத்தானளா சொன்ன” என்றேன். “சரிதான் மதினி. ஆனா நல்ல படம்” என்றாள்.

மறுநாளே வடிவு வந்து நின்றாள். என் சித்தி மகளாக இருந்தாலும் சொல்கிறேன், அழுதே காரியம் சாதிக்கிறவள். “ஒத்த வரிளா. எம்பிள்ளைக்கு மொதப் படம்” என்று மூக்கைச் சிந்தினாள். செல்வராணி காப்பி போட்டுக் கொடுத்தாள், ஓட்டு மாவு உருண்டை வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைவுபடுத்தினாள். ஒத்த வரியை மட்டும் தரவில்லை.

சென்னையில் யாரோ ஒருத்தியை வைத்து அந்தக் காட்சியைப் பேசி முடித்தார்கள். படம் வந்தது. தூத்துக்குடியில் முதல் நாள் பகல் காட்சிக்கு நாங்கள் போனோம். டிரைவர்மார் ஐம்பது பேருக்கு மேல் இருக்கும். எங்களுக்கு நாலு வரிசை முன்னால் வடிவும், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சுடலைக்கண்ணனும். மாலை ஒன்றுதான் போடவில்லை.

திரையில் முதல் வார்த்தை வந்ததுமே விசில். “மேடக்கா” என்று கத்தினார்கள். இடைவேளை வரைக்கும் ஒருத்தனும் வெளியே போகவில்லை. பாத்திரக் கடைக் காட்சியில் எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்மினாள். அப்புறம் மழை வந்தது, கதவு தட்டினான், அவள் காலில் விழுந்தாள். ‘வாங்க’ என்றது ஒரு குரல். மெல்லிசாக, பட்டணத்துக் குரல்.

பிறகு தளவாய் எழுந்து, “எல, எக்கா எங்கல?” என்றான்.

“சரக்க மாத்திட்டானுவ” என்று இன்னொரு டிரைவர் கத்தினான்.

“எட கொறையுது. மேடையில ஏத்தாத, திருப்பி அனுப்பு.”

கொட்டகை சிரித்த சிரிப்பில் மிச்ச வசனம் யாருக்கும் கேட்கவில்லை. ஜெயகணேஷ் பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. செல்வராணி எழுந்து போகவில்லை. விளக்குப் போடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் சுடலைக்கண்ணன் வழிமறித்தாற்போல் நின்றான். சிரித்த டிரைவர்மாரெல்லாம் சுற்றி நிற்கிறார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு ஒன்றும் உறைக்கவில்லை போல. “என்ன செல்வராணி, ஒன் வாயாலேயே வாங்கன்னு சொல்லிட்ட. ஊரே கேட்டுச்சு. நான் பொட்டியக் கட்டட்டா?” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. வடிவு பக்கம் திரும்பினாள். எடைமேடைக் குரல் வந்தது. வாசலில் பைக் எடுத்துக்கொண்டிருந்தவன்கூட நின்று கேட்டான்.

“வடிவு மதினி, ஒங்க தம்பிகிட்ட சொல்லுங்க. வாங்கன்னு சொன்னவ மெட்ராஸ்ல இருக்கா. ஒங்க மகன்கிட்ட அவ அட்ரசு இருக்கும். வாங்கிட்டுப் போய் அவ கதவத் தட்டச் சொல்லுங்க.”

தளவாய்தான் முதலில் சிரித்தான். வடிவு முந்தானையால் வாயைப் பொத்தினாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். சுடலைக்கண்ணன் சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். நாலு பேர் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சொந்தக்காரரும் அவள் வீட்டுக்குத் தூது வரவில்லை. அவன் அந்த ஆடியிலேயே மறுபடி பம்பாய்க்கு ரயில் ஏறினான்.

படம் நாலு நாள் ஓடியது. பார்த்தவர்களெல்லாம், கதவு தட்டுகிற வரைக்கும் நல்ல படம் என்றார்கள். செல்போனில் பார்க்கிற மாதிரி வெளியிட ஒரு கம்பெனி கேட்டபோது, ஜெயகணேஷ் எடைமேடைக்கே வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“கடைசில வேற என்ன வைக்கட்டும் அத்தை?”

“ஒன்னும் வைக்காண்டாம். வெளிய நின்னு தட்டுதான்லா. அவ உள்ள இருக்கா. அதோட நிறுத்து.”

“அதுக்கு வசனம்?”

“எதுக்கு வசனம். தள்ளி நில்லு, பின்னால லாரி நிக்கி.”

அப்படியே நிறுத்தினான். இப்போது அந்தப் படம் செல்போனில் கிடைக்கிறது. அதில் கேட்பதெல்லாம் அவள் குரல்தான். செல்வராணிக்கு நாற்பத்தாறு வயசு. மகள் முத்துமணியோடு முத்தையாபுரத்தில் இருக்கிறாள். காலை ஆறு மணி ஷிப்டில் அதே எடைமேடையில் லாரி நம்பர் கூப்பிடுகிறாள்.