இடிமேகத்துக்குக் கீழே ஒரு குடுவைக் காற்று

மதியம் மூன்றே காலுக்கு வரவேண்டிய மிஸ்டு கால் வரவில்லை. கோணல் அங்கேதான் தொடங்கியது.

என் மகள் ஸ்டெல்லா ஆராய்ச்சி மாணவி. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு வறண்ட கண்மாயில், ஆய்வுக்காகக் குடுவையில் காற்று பிடிக்கப் போயிருந்தாள். தனியாகப் போனால் அரை மணிக்கொரு மிஸ்டு கால் தரவேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இரண்டே முக்கால் வரை தவறவில்லை. பிறகு மேற்கு வானம் கறுத்து முதல் இடி விழுந்தது. அழைத்துப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

மூன்றரைக்குத் திருநகரில், வழக்கமாக வரும் செல்வத்தின் ஆட்டோவில் ஏறினேன். போக மட்டும் முந்நூற்றைம்பது ரூபாய். கப்பலூரில் திரும்பி நான்கு வழிச்சாலையைப் பிடித்தோம். தொழிற்பேட்டைப் புகை மேலே போகாமல் சாலையிலேயே படுத்துக் கிடந்தது.

"இடி இடிக்கையில பாப்பாவுக்குக் கண்மாய்ல என்ன வேல, டீச்சர்?"

"காத்துப் பிடிக்கிறா, அண்ணே."

"அதுக்கு அம்புட்டுத் தூரமா? எங்க வீட்டுக்கு வந்தா ஃபேனுக்குக் கீழயே புடிச்சுக்கிரலாமே!"

சிரிக்க முடியவில்லை. தூரத்தில் நாகமலை மங்கலாகத் தெரிந்தது. ஸ்டெல்லாவுக்கு ஆறு வயதிருக்கும்போது, மழை விட்டதும் மொட்டை மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாள். மலையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துலக்கம். "மலையைக் கழுவிட்டாங்கம்மா" என்பாள். மழைதான் கழுவுகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அது பாதிதான் உண்மை என்று வளர்ந்தபின் அவளே திருத்தினாள். மழை தூசியைக் கழுவும். மீத்தேனையும் கார்பன் மோனாக்சைடையும் கழுவாது. அவற்றை அழிப்பது ஹைட்ராக்சில். வெயிலும் ஓசோனும் ஈரமும் சேர்ந்து உண்டாக்கும் துகள். ஒரு நொடிகூட வாழாது. மின்னல் உண்டாக்கும் வாயுக்கள் அதைப் பெருக்கும். பசிபிக் கடல் சூடேறும் ஆண்டுகளில் எங்கோ காடுகள் எரிந்தால், அந்தப் புகையைத் தின்றே அது தீர்ந்துபோகும். அதைப் பிடிக்க முடியாது. அது தின்று மிச்சம் வைத்ததைத்தான் ஸ்டெல்லா எஃகுக் குடுவையில் பிடிக்கிறாள். அதற்கு இடிமேகம் வேண்டும். போன கோடையில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இந்த ஆண்டும் தவறினால் அவள் ஆய்வு நின்றுவிடும்.

நான்கு பத்துக்குக் கண்மாய்க் கரையை அடைந்தோம். கருவேல மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதற்கு மேல் வண்டி வரக்கூடாது என்பதற்கு அவள் வைக்கும் அடையாளம்.

"உள்ள ஓட்டிரவா, டீச்சர்?"

"வேணாம்ணே. புகை பட்டா பிடிச்ச காத்தெல்லாம் வீணாப் போயிரும்."

"புள்ளையவிடக் காத்தா பெருசு?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிள்ளையைத் தேடித்தான் போகிறேன். அவள் இரண்டு ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிட்டா போய் நிற்பது?

அரை கிலோமீட்டர் வெட்டவெளி. நடுவில் முக்காலியில் குடுவை தனியாக நின்றது. அவளைக் காணோம். எதிர்க்கரையில் அவள் பல்கலைக்கழகத் துறையின் வெள்ளை வேன். பெரிய துளிகள் விழத் தொடங்கியதும் குடையை விரித்தேன். அறிவியல் சொல்லித்தரும் நான், மரமில்லாத கண்மாயில், இரும்புக் கம்பிக் குடையுடன்! வலப்பக்கம் கண் கூசும் வெளிச்சம், கூடவே இடி. குடையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்போது வேன் உறுமியது. காற்றுப் பிடிக்கும்போது எஞ்சினைத் தொடவே விடாதவள், குடுவையை ஒட்டியே கரும்புகை கக்க ஓட்டி வந்தாள். எனக்குப் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் தள்ளித் திறந்தாள். இடி விழுந்தால் வேனுக்குள் உட்கார்ந்துகொள்வேன் என்று அவள் பலமுறை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"குடையக் கீழ போடும்மா! அறிவிருக்கா ஒனக்கு?" அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஸ்டெல்லா, ஒன் காத்து..."

"காத்து அடுத்த மழைக்கு வரும். நீ ஏறும்மா."