குறைந்த தூரக் கணக்கு

இந்த ஊரில் யாரிடம் தூரம் கேட்டாலும் "இக்கடே மேடம்" என்பார்கள். இங்கேதான் என்று பொருள். அந்த 'இங்கேதான்' நாலு கிலோமீட்டரும் இருக்கும், பதினாலும் இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து ஹைதராபாத் வந்து ஐந்து வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஆனால் எங்கள் கல்லூரியில் தூரக் கணக்கு என் தலையில்தான் விழுந்தது. தேர்வு மேற்பார்வைக்கு எந்த ஆசிரியர் எந்த மையத்துக்குப் போவது என்று நான் பட்டியல் போட வேண்டும்.

ஊரில் நான் ஆசை ஆசையாய்ப் படித்த பாடம் அது, ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட். இங்கே மணல் குவியல்கள், அங்கே பள்ளங்கள். எதை எங்கே கொட்டினால் மொத்த அலைச்சல் குறையும்? இன்று கணினி படங்களை ஒப்பிடுவதற்கும் இந்தக் கணிதம்தான். பட்டியலையும் அதை வைத்தே கணினியில் போட்டேன். தனி ஆளின் சௌகரியம் அதற்குத் தெரியாது. நாச்சாரத்தில் இருக்கும் என்னைக் குஷாய்குடாவுக்குத் தள்ளியது. தார்நாகா மையத்தை, அதே தெருவில் குடியிருக்கும் ஸ்ரவந்திக்குக் கொடுத்தது.

ஸ்ரவந்தி இயற்பியல் ஆசிரியை, இந்த ஊரிலேயே பிறந்தவள். நான் தெலுங்கில் பாடம் நடத்தினால் வகுப்பு சிரிக்கும். அவள் வாய் திறந்தால் பிள்ளைகள் சொக்கிப்போகும். இப்போது என் கணக்குமா அவளுக்கு வாசலில் வேலை தர வேண்டும்? வயிறு எரிந்தது. இரண்டு பெயரையும் மாற்றிப் போட்டேன். மொத்தத்தில் மூன்று கிலோமீட்டர் கூடியது. யார் பார்க்கப் போகிறார்கள்?

தேர்வு முடிந்த மறுநாள் ஸ்ரவந்தி ஒரு டப்பாவோடு வந்தாள். "குஷாய்குடா மா அம்மா இல்லு மேடம். மீகு எலா தெலுசு?" என்றாள். குஷாய்குடாவில்தான் அவள் அம்மா வீடாம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். தினமும் மத்தியானம் அம்மா கையால் சாப்பிட்டாளாம். எல்லாம் என் நல்ல மனசாம். டப்பாவில் அவள் அம்மா எனக்கென்று கொடுத்துவிட்ட புளிஹோரா, இந்த ஊர்ப் புளியோதரை. உண்மையைச் சொல்லாமலே டப்பாவைத் திறந்தேன். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டேன்.

அவள் போனதும் கணினியைத் திறந்து, மையங்களின் வரிசையில் பாளையங்கோட்டை, எங்கள் அம்மா வீடு என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். எல்லாரையும் எங்கெங்கோ அனுப்பியது. அந்த ஒன்றை மட்டும் காலியாக விட்டது. கணக்கில் பிழையில்லை, நான் மறுபடி சரிபார்த்தேன். குறைந்த தூரம் தேடும்வரை அது என்னை ஒருநாளும் அங்கே அனுப்பாது.